காசநோய் மாத்திரை ஓடும் ஆறு மாதம்: குமரி எல்லைப்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம். அந்தப்பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. எந்தப்பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காசநோய்க்கு ஒரே மாத்திரைதான், அதுவும் இலவசம். வீட்டுச் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியுமுன் கட்டன் சாயா, அப்புறம் மரச்சீனிக் கிழங்கோ பழங்கஞ்சியோ, மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும். குழம்பில் சாறு நிறைய இருக்கும், மீன் ஒரு துண்டு இருக்கும். வயிறு நிறைந்துவிடுகிறது. ஆனால் காசநோயில் கரைந்துபோன சதையைத் திரும்ப வளர்க்க அந்தச் சாப்பாட்டில் புரதம் போதாது. அதை வீட்டுச் சமையலை வைத்தே எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம். மாத்திரையின் அளவும் வகையும் டாக்டர் சொல்வதுதான். அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

சாப்பாட்டை ஏன் இவ்வளவு பேசவேண்டும்

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் சிகிச்சை பெற்றவர்களையும், ஏழை வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு பேருமே ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க வீட்டிலிருந்தே சிகிச்சை என்று ஆனது. பெரிய நன்மைதான். கூடவே ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது: மாத்திரை போதும், சாப்பாடு அவரவர் பாடு என்று விட்டுவிடுவது.

ஜார்க்கண்டில் நடந்த ராஷன்ஸ் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தபோது அந்தப் பழக்கம் எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. அங்கே நோயாளிகளுக்கு மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருட்கள் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் என்பது கணக்கு. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அதே வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அவர்கள் கொடுத்தது அரிசி, பருப்பு வகை, பால்பொடி, எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. ஆப்பிளும் இல்லை, டின்னில் வரும் விலை உயர்ந்த பானப்பொடியும் இல்லை.

முதல் படி: எடையும் உயரமும்

சிகிச்சை தொடங்கும் அன்றே எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரையின் எண்ணிக்கையே எடையை வைத்துத்தான். பெரியவர்களில் 25 முதல் 34 கிலோ வரை தினம் 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4 என்று ஏறும். நன்றாகச் சாப்பிட்டு 47 கிலோவிலிருந்து 50-ஐத் தாண்டிவிட்டால் அதைச் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லவேண்டும். அளவை மாற்றவேண்டி வரலாம். பலர் இதைச் சொல்வதே இல்லை.

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது உடல் நிறை குறியீடு. அது 18.5-க்குக் கீழே போனால் சத்துக்குறைவு. கணக்குப் போட வேண்டாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: 160 செ.மீ. உயரமுள்ளவர் 47 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 41-க்குக் கீழே இருந்தால் மோசம், 36-க்குக் கீழே இருந்தால் ஆபத்து. 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு இதே எல்லைகள் 41.5, 36, 31.5 கிலோ என்று வரும்.

ஆபத்து என்று சொன்ன நிலையில் இருப்பவரை வீட்டில் வைத்து 'நல்லா சாப்பிடு' என்று ஊட்டக்கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று கனத்த சாப்பாடு விழுந்தால் ரத்தத்தில் உள்ள உப்புகள் சரிந்து உயிருக்கே கேடாகலாம். அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்டவேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதற்காகவே வந்தது. குறியீடு 14-ஐத் தாண்டாதவர்கள், 16-க்குள் இருந்து காலில் வீக்கம் உள்ளவர்கள், மூச்சு வாங்குபவர்கள், பிடி இல்லாமல் நிற்க முடியாதவர்கள் ஆகியோரைத் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கச் சொன்னால் 'வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்' என்று மறுக்காதீர்கள்.

சர்க்கரையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. நம் பக்கத்தில் காசநோயும் நீரிழிவும் ஒன்றாக வருவது ரொம்ப சாதாரணம்.

எவ்வளவு வேண்டும்

அந்த உயரத்துக்கு இருக்கவேண்டிய எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 40 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது இந்தியாவில் கொடுக்கும் வழிகாட்டல். 50 கிலோ இருக்கவேண்டியவர் என்றால் 2,000 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். கலோரியைச் சோறும் கிழங்கும் தேங்காயும் பார்த்துக்கொள்ளும். நாம் தோற்பது புரதத்தில்தான்.

தட்டில் என்ன வைப்பது

நம் ஊர்ச் சாப்பாடு ஜோடியாகத்தான் வரும். கிழங்கும் மீனும், கஞ்சியும் பயறும், புட்டும் கடலையும். இந்த ஜோடிகளைவிட நல்ல யோசனையை எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். கைச்சுருக்கம் வந்தவுடன் ஜோடியில் இரண்டாவதாக வருவது சுருங்கிப்போகிறது, அவ்வளவுதான் கோளாறு. கிழங்கு ஒரு தட்டு, மீன்சாறு ஒரு கரண்டி. புட்டு ஒரு குற்றி, கடலை பத்துப் பன்னிரண்டு மணி. ஆறு மாதத்துக்கு அந்த இரண்டாவதைக் கூட்டுங்கள், முதலாவதை இருக்கிறபடி விடுங்கள்.

வேகவைத்த மரச்சீனி ஒரு தட்டு, சுமார் 300 கிராம், 450 கலோரி வரை தரும். புரதம் 3, 4 கிராம்தான். அதே தட்டில் சதைப்பற்றாக 100 கிராம் சாளை இருந்தால் இன்னும் 18, 20 கிராம் சேர்கிறது. மரச்சீனியைக் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தனியாக உண்டால்தான் அது போதாது.

ஒரு நாளைக்கு இப்படிப் போகலாம். காலையில் புட்டும், ஒரு கப் நிறைய கடலையோ பயறோ. பருப்பு வகை 50 கிராம் எடுத்து வேகவைத்தால் 11, 12 கிராம் புரதம். பத்துப் பதினொரு மணிக்கு ஒரு அவித்த முட்டையும் ஏத்தன்பழமும். மத்தியானம் சோறு, மீன் இரண்டு மூன்று துண்டு, முருங்கைக்கீரைத் துவரனோ வாழைப்பூவோ. சாயங்காலம் ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம் என்றால் 7 கிராம் புரதம். ராத்திரி கஞ்சியும் பயறும், இன்னொரு முட்டை. படுக்குமுன் ஒரு டம்ளர் பால். மொத்தம் 300 கிராம் அரிசி, தேங்காயும் எண்ணெயும் வழக்கம்போல என்று வைத்துக்கொண்டால் 2,000 கலோரி தாண்டும். புரதம் 75 கிராமுக்கு மேலேயே போகும். ஒருநாள் மீன் கிடைக்கவில்லை என்றாலும் 60-க்குக் கீழே இறங்காது.

மீன் சாப்பிடாதவர்கள், முட்டை தொடாதவர்கள் பயறு, கடலை, தயிர், பால், சோயா உருண்டை இவற்றைக் கூட்டிக்கொள்ளவேண்டும். சக்கைக் காலத்தில் சக்கைக்கொட்டையை, அதாவது பலாக்கொட்டையை, தூக்கி எறியாமல் கூட்டிலும் அவியலிலும் போடுங்கள். கிழங்கைவிட அதில் புரதம் அதிகம்.

வாய்க்கு எதுவும் பிடிக்காத முதல் சில வாரங்களுக்கு ஒரு மாவு செய்து வையுங்கள். பொட்டுக்கடலை இரண்டு பங்கு, வறுத்த சிறுபயறு ஒரு பங்கு, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு பங்கு. பொட்டுக்கடலையையும் பயறையும் முதலில் நைசாகத் திரியுங்கள். நிலக்கடலையைக் கடைசியில் போட்டு மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும். ஈரமில்லாத டப்பாவில் வைத்து, 50 கிராமைப் பாலில் கரைத்து, கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் குடித்தால் 15 கிராமுக்கு மேல் புரதம். நீரிழிவுக்காரர்கள் கருப்பட்டியை விட்டுவிடவேண்டும். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பது நம் ஊரில் நிலைத்துப்போன ஒரு தப்பான நம்பிக்கை.

நீரிழிவும் சேர்ந்திருப்பவர்கள் சர்க்கரைக்குப் பயந்து மொத்தச் சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறார்கள். அது கூடாது. சோறும் கிழங்கும் மட்டாக, மீனும் முட்டையும் பயறும் தாராளமாக என்று மாற்றினால் போதும். காசநோய் மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் போங்கள், பட்டினி கிடக்காதீர்கள்.

மாத்திரையும் சாப்பாட்டு நேரமும்

வழக்கமான காசநோய் மாத்திரை வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. தண்ணீரோடு மட்டும். கட்டன் சாயாவோடு வேண்டாம். வயிறு எரிகிறது என்று அமில மருந்தை அதோடு சேர்த்து விழுங்கவும் வேண்டாம், அது மாத்திரை ஏறுவதைத் தடுக்கும்.

இதில் ரப்பர் வெட்டப் போகிறவர்களின் பாடு தனி. விடியுமுன் எழுந்து, கட்டனைக் குடித்துவிட்டு இருட்டில் தோட்டத்துக்குப் போனால், பாலெடுத்து முடித்து வயிற்றுக்கு ஏதாவது கிடைக்க ஒன்பது, பத்து மணி ஆகும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் மரத்துக்கு மரம் நடந்தால் குமட்டும், தலை சுற்றும். இரண்டாம் வாரமே 'இந்த மாத்திரை எனக்குச் சேராது' என்று நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு இரண்டு வழி. எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தோட்டத்திலேயே அவித்த முட்டையும் பழமும் சாப்பிடுவது ஒன்று. ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பாட்டையும் பாலையும் முடித்து, படுக்கும்போது மாத்திரை போடுவது இன்னொன்று. தூக்கத்தில் குமட்டல் தெரியாது. மருந்து தரும் பணியாளரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், தினமும் அதே நேரம் இருந்தால் சரி. அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலைக்கு, காலையிலேயே பஸ் பிடிக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியும் முடியவில்லை என்றால் இரண்டு இட்லியோ ஒரு பழமோ போல லேசாகச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாம். கொஞ்சம் குறைவாக ஏறும்தான். ஆனால் நிறுத்துவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மருந்துக்கு அசையாத காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பெடாகுயிலின் சாப்பாட்டோடுதான் போடவேண்டும். லீவோஃபிளாக்சசின், மாக்சிஃபிளாக்சசின் போடுபவர்கள் பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றை இரண்டு மணி நேரமாவது தள்ளி வைக்கவேண்டும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால், பயமில்லை. பசி அடியோடு நின்று, விடாமல் வாந்தி, கண்ணில் மஞ்சள் என்று வந்தால் அது கல்லீரல். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு நாலு நாள் காத்திருக்க வேண்டாம்.

பத்தியம் உண்டா?

கிடையாது. முட்டை சூடு, தயிர் குளிர்ச்சி, வாழைப்பழம் சளி, மீன் கரப்பான் என்று வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது கஞ்சித்தண்ணி. தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதும் தேவையில்லை. காசநோய் காற்றில்தான் பரவும். முதல் சில வாரம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்தால் போதும். தனித்தட்டில் மூலையில் உட்கார்ந்து தின்னும் ஆளுக்குச் சோறு இறங்குமா?

விலக்கவேண்டியது சிலதுதான். முதலில் சாராயம். எல்லைக்கு அப்பால் கள்ளுக்கடை திறந்திருக்கிறது, 'கள்ளு உடம்புக்கு நல்லது' என்று சொல்லிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இந்த மாத்திரைகளில் மூன்று கல்லீரலைத் தொல்லைப்படுத்தக்கூடியவை, மேலே கள்ளும் வேண்டாம். அரிஷ்டம் விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பசிக்கும் பலத்துக்கும் என்று வாங்கும் தசமூலாரிஷ்டம் போன்றவை புளிக்கவைத்துச் செய்பவை, அதில் தானாக ஊறிய சாராயம் இருக்கிறது. ஆறு மாதம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது மீன், ஆனால் எல்லா மீனும் இல்லை. காசநோய் மாத்திரையிலுள்ள ஐசோனியசிட் என்ற மருந்தைச் சாப்பிடும் உடம்பு, வெயிலில் கிடந்து கெடத் தொடங்கிய மீனில் சேரும் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சரியாக உடைக்காது. சூரையில் இது அதிகம் நடக்கும், அயிலையிலும் சாளையிலும்கூட நடக்கலாம். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, அரிப்பு என்று வரும். சமைத்தாலும் அந்தப் பொருள் போகாது. அதனால் சிகிச்சை முடியும்வரை சூரையையும் அதை உலர்த்திச் செய்யும் மாசியையும் விட்டுவிடுங்கள். மற்ற மீனைக் கரைக்கு வந்த அன்றோ, நன்றாக ஐஸில் இருந்ததோ பார்த்து வாங்குங்கள். அப்படி ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஐசோனியசிட் வைட்டமின் பி6-ஐயும் குறைக்கும். கூடவே தரும் சின்ன பிரிடாக்சின் மாத்திரை அதற்காகத்தான், அதை விடக்கூடாது.

பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செலவுக்கு வழி

காசநோயாளிகளின் சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு 2018-ல் தொடங்கிய நிக்ஷய் போஷண் யோஜனாவில் மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார், வங்கிப் புத்தகம் இரண்டையும் பதிவு செய்யும் அன்றே கொடுத்துவிடுங்கள். தனக்குக் கணக்கு இல்லை என்றால் நெருங்கிய குடும்பத்தாரின் கணக்கைக் கொடுக்க வழியுண்டு. நெடுநாள் தூங்கிக்கிடக்கும் கணக்கு என்றால் முதலில் வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பியுங்கள். பணம் வராததற்கு அடிக்கடி இதுதான் காரணம். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பணம் உண்டு. அவர் உங்களை நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிந்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்.

எடை மிகக் குறைந்தவர்களுக்கு, அதாவது குறியீடு 18.5-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, முதல் இரண்டு மாதம் சத்து நிறைந்த கூடுதல் உணவு தரும் ஏற்பாடும் 2024-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் தனிநபர்களும் அமைப்புகளும் நோயாளிகளைத் தத்தெடுத்து மாதாமாதம் உணவுப் பை கொடுக்கிறார்கள். இதற்கு நோயாளி சம்மதிக்கவேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்கள், பையை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பார்க்கலாம்.

அந்த ஆயிரத்தை என்ன செய்வது? என்னைக் கேட்டால் முதலில் முட்டை, அப்புறம் பயறும் நிலக்கடலையும், மிச்சத்தில் பால். மீனை விலை இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கிடைப்பதைத் தவறவிடாதீர்கள். கேரளப்பக்கம் அரசு நடத்தும் மாவேலி ஸ்டோரில் சிறுபயறும் கடலையும் மானிய விலையில் உண்டு. பானப்பொடி டின் வாங்குவது என் கணக்கில் வீண். அதே காசில் வீட்டில் திரித்த மாவு பல மடங்கு கிடைக்கும்.

வேலைக்காக எல்லை தாண்டிப் போய்த் தங்குகிறவர்கள் மருந்தையும் உதவியையும் இழக்கவேண்டியதில்லை. நிக்ஷய் பதிவு எண் நாடு முழுக்க ஒன்றுதான். போகுமுன் சொன்னால் அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொடுப்பார்கள்.

எடையைத் தொடர்ந்து பார்ப்பது

மாதம் ஒரு தடவை, முடிந்தால் அதே எடைக்கருவியில், ஏறக்குறைய அதே உடுப்பில். 40 கிலோவில் தொடங்கியவர் இரண்டு மாதத்தில் 42-ஐத் தொடவேண்டும். 38 என்றால் 40-க்குக் கொஞ்சம் கீழே. சதவீதத்தில் 5 என்பதுதான் குறி. தொடவில்லை என்றால் முதலில் சாப்பாட்டைக் கணக்கெடுங்கள். உண்மையில் எத்தனை முட்டை, எத்தனை நாள் மீன்? வீட்டில் நோயாளி பெண் என்றால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறாளா என்றும் பாருங்கள். அவளுக்கு வாங்கிய முட்டை பிள்ளைகளின் தட்டுக்குப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதனால் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குவதே நல்லது. ராஷன்ஸ் ஆய்வு சொன்னபடி அது அவர்களுக்கும் ஒரு காவல். வீட்டிலுள்ளவர்களுக்கான பரிசோதனையையும், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரையையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, அல்லது இறங்குகிறது என்றால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம், எச்.ஐ.வி. இருக்கலாம், கிருமி மருந்துக்கு அசையாததாக இருக்கலாம். இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை செய்யும்போது எடை நோட்டையும் டாக்டர் கையில் கொடுங்கள்.

மாத்திரை முடிந்த அன்றே முட்டையை நிறுத்திவிடாதீர்கள், குறியீடு 18.5-ஐத் தாண்டும்வரையாவது இதே சாப்பாடு தொடரட்டும். மாத்திரை முடிந்த பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வரவேண்டும்.